காய்ந்த மண் தண்ணீரை இழுக்குமா, தள்ளுமா?

நீண்ட வறட்சிக்குப் பிறகு ஒரு பெருமழை கொட்டுகிறது. தாழ்வான இடமெல்லாம் வெள்ளக்காடு. மழை ஓய்ந்ததும் மேட்டு நிலத்தில் ஒரு சாண் தோண்டிப் பார்த்தால் உள்ளே புழுதி. இத்தகைய நேரங்களில் செய்திகளில் வழக்கமாக ஒரு விளக்கம் வரும்: வறட்சியில் மண் இறுகிவிட்டது, அதனால் தண்ணீர் இறங்கவில்லை. ஆனால் மண்ணியல் பாடநூலைத் திறந்தால், காய்ந்த மண்தான் ஈரமண்ணைவிட வேகமாக நீரை இழுக்கும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில், இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர் ராப் தாம்சன் நீர் நிறைந்த கோப்பைகளைப் புல்தரையில் கவிழ்த்துக் காட்டிய காணொளி உலகெங்கும் சுற்றியது. ஈரமான புல்தரையில் நீர் சில நொடிகளில் இறங்கிவிட்டது. வெயிலில் கருகிய தரையிலோ பல நிமிடங்களாகியும் கோப்பையில் நீர் நின்றது. குழப்பம் இன்னும் கூடியது.

இழுக்கும் என்பதும் உண்மை, தள்ளும் என்பதும் உண்மை. எப்போது எது நடக்கும் என்று சொல்ல, மண்ணில் இப்போது எவ்வளவு ஈரம் இருக்கிறது என்ற கணக்கு மட்டும் போதாது. அந்த ஈரத்துக்கு மண் எப்படி வந்து சேர்ந்தது, நனைந்துகொண்டே வந்ததா, உலர்ந்துகொண்டே வந்ததா, எவ்வளவு நாள் எந்த அளவுக்குக் காய்ந்து கிடந்தது என்ற முன்கதையும் வேண்டும்.

துளைகளும் உறிஞ்சுவிசையும்

சாதாரண விளைநில மண்ணின் கன அளவில் ஏறத்தாழ பாதிதான் திடப்பொருள். மீதி துளைகள். அந்தத் துளைகளை நீரும் காற்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. துளை அனைத்திலும் நீரே நிறைந்திருந்தால் அது செறிவு நிலை. காற்றும் கலந்திருந்தால் செறிவற்ற நிலை.

செறிவு நிலையில் கணக்கு எளிது. 1856-இல் பிரான்சின் டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஆன்ரி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி அளந்தார். இரு முனைகளுக்கிடையே நீர்மட்ட வேறுபாடு இரட்டிப்பானால் ஓட்டமும் இரட்டிப்பானது. இந்த விகிதத்தை நிர்ணயிக்கும் எண்ணுக்கு நீர்க்கடத்துதிறன் என்று பெயர். டார்சியின் மணல் முழுக்க நனைந்திருந்ததால் அவருக்கு அது மாறாத எண்ணாகவே கிடைத்தது. வேர் ஓடும் ஆழத்து மண் அப்படி முழுக்க நனைந்திருப்பது அபூர்வம். ஈரம் மாற மாற இந்தத் திறனும் மாறும் என்பதை 1907-இல் அமெரிக்க இயற்பியலாளர் எட்கர் பக்கிங்காம் முறைப்படுத்தினார்.

செறிவற்ற மண்ணில் புவியீர்ப்போடு இன்னொரு விசையும் சேர்கிறது. நீரின் பரப்பு இழுவிசையாலும், துகள்மேல் நீர் ஒட்டும் தன்மையாலும், நுண்துளைகள் நீரைப் பிடித்துவைக்கின்றன. துளை எவ்வளவு சிறியதோ, பிடி அவ்வளவு இறுக்கம். 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஏறத்தாழ 10 செ.மீ. உயர நீர்த்தூணைத் தாங்கும், 0.03 மில்லிமீட்டர் துளை 1 மீட்டரைத் தாங்கும். மண் நீரைப் பிடித்திருக்கும் இந்த இறுக்கமே உறிஞ்சுவிசை. நல்ல மழைக்குப் பிறகு உபரி நீர் வடிந்த நிலையில் அது சுமார் 10 முதல் 33 கிலோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). பெரும்பாலான பயிர்கள் மீளாமல் வாடும் நிலையில் 1,500 கிலோபாஸ்கல். வாடல் நிலையிலும் மண்ணில் நீர் இருக்கிறது, களிமண்ணில் கணிசமாகவே இருக்கிறது. அதை வேரால் பிடுங்க முடிவதில்லை, அவ்வளவுதான்.

இழுவை கூடும், வழி அடைபடும்

மண் காயும்போது முதலில் காலியாவது பெரிய துளைகள், ஏனென்றால் அவற்றின் பிடி தளர்வு. நீர் விரைந்து ஓடுவதும் அதே பெரிய துளைகளில்தான். ஒரே அழுத்தச் சரிவில், துளையின் ஆரம் 10 மடங்கானால் அதன் வழி ஓடும் நீர் 10,000 மடங்காகும். ஆகவே பெரிய துளைகளில் காற்று புகுந்த மறுகணமே கடத்துதிறன் அதலபாதாளத்தில் விழுகிறது. மிச்ச நீர் சின்னத் துளைகளிலும் துகள்களின்மேல் படிந்த மெல்லிய படலங்களிலும் சுற்றி வளைத்துத்தான் நகர முடியும். ஈரம் சில சதவீதம் குறையும்போதே ஓட்டம் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு குறைவது இப்படித்தான்.

இதிலிருந்து பலரும் எதிர்பாராத ஒரு விளைவு பிறக்கிறது. முழுக்க நனைந்திருக்கும்போது மணல் களிமண்ணைவிடப் பல மடங்கு வேகமாக நீரை விடும். ஓரளவு காய்ந்தபின் நிலைமை தலைகீழ். மணலின் பெரிய துளைகள் எல்லாம் காலியாகிவிட, களிமண்ணின் நுண்துளைகளில் இன்னும் நீர் தொடர்ச்சியாக இருக்கும். அப்போது களிமண்தான் கூடுதலாகக் கடத்தும்.

ஆக, காய்ந்த மண்ணில் இரண்டு விஷயங்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. இழுக்கும் விசை அதிகம். கடத்தும் திறன் மிகக் குறைவு. மழை பெய்யும்போது எது வெல்லும்?

நனையும் முகப்பு

நீர் நன்றாக ஒட்டக்கூடிய சாதாரண மண்ணாக இருந்தால், தொடக்கத்தில் இழுவிசைதான் வெல்லும். மேலே நனைந்த மண்ணுக்கும் ஒரு விரல்கடை கீழே உள்ள காய்ந்த மண்ணுக்கும் இடையே உறிஞ்சுவிசையில் பெரும் வேறுபாடு. தூரமோ மிகக் குறைவு. எனவே நீர் பாய்ந்து இறங்கும். நனைந்த பகுதி தடிக்கத் தடிக்க அந்த வேறுபாடு நீண்ட தூரத்துக்குப் பரவிவிடுகிறது, வேகமும் தணிகிறது. ஆஸ்திரேலிய மண் இயற்பியலாளர் ஜான் பிலிப் 1957-இல் வெளியிட்ட கட்டுரைகளில் இதைக் கணிதமாக்கினார். தொடக்கக் கட்டத்தில் உள்ளே போகும் மொத்த நீர் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். 10 நிமிடத்தில் ஓரளவு நீர் இறங்கினால் 40 நிமிடத்தில் இறங்குவது அதைப்போல 4 மடங்கு அல்ல, 2 மடங்குதான். பிறகு வேகம் ஏறத்தாழ நிலையான ஒரு மதிப்பை அடைகிறது. அங்கே ஆட்சி புவியீர்ப்பினுடையது. பாடநூல் சொல்லும் "காய்ந்த மண் வேகமாக உறிஞ்சும்" என்பது இந்த முதல் கட்டத்தைப் பற்றியது.

நீர் இறங்கும்போது ஈரம் மேலிருந்து கீழே படிப்படியாகக் குறைவதில்லை. கோடு போட்டதுபோல் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. கோட்டுக்கு மேலே சேறு, கீழே புழுதி. இந்தக் கோடுதான் நனையும் முகப்பு. காய்ந்த மண்ணின் கடத்துதிறன் அநேகமாகச் சுழி என்பதால், அடுத்த அடுக்கு போதிய அளவு நனையும்வரை நீர் அதைத் தாண்டிப் போக முடியாது. மழைக்குப் பின் தோண்டினால் புழுதி பறப்பதில் பாதி மர்மம் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. பெய்த மழை அந்த முகப்பை அவ்வளவு தூரம்தான் தள்ளியிருக்கிறது.

நனைவது ஒரு வழி, உலர்வது வேறு வழி

ஒரே மண்ணை முழுக்க நனைத்து மெல்ல உலரவிட்டு, ஒவ்வோர் உறிஞ்சுவிசையிலும் எவ்வளவு நீர் மிஞ்சியிருக்கிறது என்று வரைபடம் போடலாம். பிறகு காய்ந்த நிலையிலிருந்து மெல்ல நனைத்து அதேபோல் இன்னொன்று போடலாம். இரு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. எந்த உறிஞ்சுவிசையிலும், உலர்ந்து வந்த மண்ணில் இருக்கும் நீர் நனைந்து வந்த மண்ணில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். இந்த வேறுபாட்டுக்கு ஈரத் தயக்கம் என்று பெயர். 1930-இல் ஹெய்ன்ஸ் என்பவர் இதைத் தெளிவாக விளக்கினார். காரணங்கள் நான்கு.

1. துளையின் வடிவம். மண்துளைகள் சீரான குழாய்கள் அல்ல. குறுகிய கழுத்தும் அகன்ற வயிறும் கொண்ட மைக்கூட்டைப் போன்றவை. உலரும்போது கழுத்தின் பிடி தளரும்வரை வயிற்றிலுள்ள நீர் வெளியேறாது. தளர்ந்ததும் மொத்தமாக வெளியேறும். நனையும்போது நிர்ணயிப்பது வயிற்றின் அகலம். கழுத்து எளிதில் நிறைந்துவிடும், அகன்ற வயிறு நிறைய உறிஞ்சுவிசை வெகுவாகத் தணிய வேண்டும். நான்கில் பெரும்பங்கு இதற்கே.

2. தொடுகோணம். காய்ந்த பரப்பின்மேல் முன்னேறும் நீரும், நனைந்த பரப்பிலிருந்து பின்வாங்கும் நீரும் துகளை ஒரே கோணத்தில் தொடுவதில்லை. முன்னேறும்போது கோணம் பெரியது, அதாவது ஒட்டுதல் குறைவு.

3. அடைபட்ட காற்று. நீர் எல்லாப் பக்கமிருந்தும் சூழும்போது சில துளைகளில் காற்று வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்கிறது. இதனால் வயலில் நனைந்த மண் உண்மையான செறிவு நிலையை எட்டுவதே இல்லை எனலாம். அதன் கடத்துதிறனும் முழுச் செறிவில் இருக்க வேண்டியதில் ஏறத்தாழ பாதிதான் என்று எடுத்துக்கொள்வது பொறியாளர்களின் வழக்கம்.

4. மண்ணே உருமாறுவது. களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒரு சுற்று முடிந்ததும் துளைகள் பழைய துளைகளாக இருப்பதில்லை.

ஆய்வகச் சங்கதி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மழை நின்ற பிறகு நடப்பதைப் பாருங்கள். முகப்புக்கு மேலேயுள்ள ஈரமண் இப்போது நீரை இழக்கத் தொடங்குகிறது. அது உலரும் கோட்டில் பயணிக்கிறது. கீழேயுள்ள காய்ந்த மண் நீரைப் பெறுகிறது. அது நனையும் கோட்டில் பயணிக்கிறது. இரண்டின் உறிஞ்சுவிசையும் சமமாகும்போது, மேலடுக்கில் நீர் தாராளமாக இருக்கும், கீழடுக்கில் குறைவாக இருக்கும். ஆனாலும் நகர்வு ஏறக்குறைய நின்றுவிடும். தயக்கம் இல்லாத மண்ணாக இருந்திருந்தால் அந்த நீர் இன்னும் ஆழத்துக்குப் போயிருக்கும். வேர் இருக்கும் மேலடுக்கில் ஈரம் தங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நிலத்தடி நீருக்குப் போய்ச் சேர வேண்டிய பங்கு சில சமயம் எதிர்பார்ப்பைவிடக் குறைவதற்கும் இதுவே ஒரு காரணம்.

மண் நீரை மறுக்கும் இடங்கள்

மேலே சொன்னதெல்லாம் நீரோடு ஒட்டும் மண்ணுக்கு. எல்லா மண்ணும் எப்போதும் அப்படி இருப்பதில்லை.

முதலாவது, மெழுகு. இலைச்சருகு, வேர், பூஞ்சை இவற்றிலிருந்து வரும் கொழுப்பு, மெழுகுப் பொருட்கள் துகள்களின்மேல் படிகின்றன. ஈரம் இருக்கும்வரை தொல்லை இல்லை. மண் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே காய்ந்ததும் அந்த மூலக்கூறுகளின் நீர்வெறுக்கும் முனைகள் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்கின்றன. அதன்பின் விழும் துளி உள்ளே போகாமல் மண்மேல் மணியாக உருண்டு நிற்கும். துகளின் பரப்பளவு குறைவான மணல் நிலங்களிலும் மட்கு நிறைந்த கரிநிலங்களிலும் இது அதிகம். தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் மணற்பாங்கான விளைநிலங்களில் இது பெரும் தலைவலி. சோதிப்பதும் எளிது. காய்ந்த மண்மேல் ஒரு துளி நீர் விட்டு நேரம் பார்க்க வேண்டும். 5 நொடிக்குள் இறங்கினால் சாதாரண மண். 1 நிமிடத்துக்கு மேலும் நின்றால் மறுப்பு வலுவானது. 1 மணி நேரம் தாண்டினால் உச்சம். காட்டுத்தீ எரிந்த சரிவுகளில் மெழுகு ஆவியாகிச் சற்றுக் கீழே போய் உறைந்து மறுக்கும் அடுக்காகிவிடுவதுண்டு. தீக்குப் பிறகான முதல் மழை சேற்று வெள்ளமாக வருவதற்கு இதுவும் காரணம்.

நீர் நிரந்தரமாக மறுக்கப்படுவதில்லை. தேங்கிய நீரின் அழுத்தத்தில் எங்கோ ஓரிடத்தில் பிளவு விழுந்து, அதன்வழியே விரல் தடிமனான ஒழுக்குகளாகக் கீழே இறங்கும். இரண்டு ஒழுக்குகளுக்கு நடுவிலுள்ள மண் காய்ந்தே கிடக்கும். அடுத்த மழையிலும் நீர் பழைய ஒழுக்கு வழியையே தேர்ந்தெடுக்கும், ஏனென்றால் தயக்கத்தின் காரணமாக அந்தத் தடம் மட்டும் ஈரத்தை விடாமல் வைத்திருக்கிறது. ஒரு மழை போட்ட தடம் இப்படிப் பல மழைகளுக்கு நீடிக்கிறது.

இரண்டாவது, பொருக்கு. மண்கட்டி நன்கு காய்ந்திருக்கும்போது திடீரென்று நனைந்தால், நான்கு பக்கமும் நுழையும் நீர் உள்ளேயிருக்கும் காற்றை அழுத்துகிறது. கட்டி உள்ளிருந்து வெடித்துச் சிதறுகிறது. உதிர்ந்த நுண்துகள்கள் மேற்பரப்புத் துளைகளை அடைத்துவிடுகின்றன. காய்ந்ததும் அதுவே சில மில்லிமீட்டர் தடிப்பில் பொருக்காகத் தட்டிவிடும். அடியில் எவ்வளவு காய்ந்த, ஆவலோடு இழுக்கும் மண் இருந்தாலும் பயனில்லை, வாசல் மூடிக்கிடக்கிறது. அதே மண்ணை முதலில் தூறல் மெல்ல நனைத்திருந்தால் காற்று நிதானமாக வெளியேறியிருக்கும், கட்டி உடைந்திருக்காது. உடையும் அளவு மண்ணுக்கு மண் மாறும். மட்கு அதிகமுள்ள மண் தாங்கும், மட்கு குறைந்த வண்டல் உடனே கரையும்.

மூன்றாவது, மேலே சொன்ன அடைபட்ட காற்றின் பெரிய வடிவம். பரந்த நிலப்பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் நீர் தேங்கினால், கீழேயுள்ள காற்று பக்கவாட்டில் தப்பவும் வழியின்றி, இறங்கும் நீருக்கு எதிரழுத்தம் கொடுக்கும். ஆழமில்லாத நிலத்தடி நீர்மட்டமோ பாறையோ இருக்கும் இடங்களில் இது தெரியும். நீர்க்குமிழிகள் மேலெழுவதே அதன் அடையாளம்.

இப்போது அந்தக் கோப்பைக் காணொளிக்கு வரலாம். அது காட்டியது பொய்யல்ல. ஆனால் அதை வைத்துக் காய்ந்த மண் எல்லாமே நீரைத் தள்ளும் என்று முடிவுகட்டுவது அவசரம். ஈரத் தரை என்று அங்கே இருந்தது மிதமான ஈரம், செறிவு நிலை அல்ல. நாள்கணக்கில் மழை பெய்து துளையெல்லாம் நிரம்பிய தரையில் கவிழ்த்திருந்தால் அங்கும் நீர் நின்றிருக்கும். உண்மையில், வறட்சி வெள்ளங்களைவிடப் பன்மடங்கு அதிகமான வெள்ளங்கள் ஏற்கெனவே நனைந்து நிரம்பிய நிலத்தில் மழை விழுவதால்தான் வருகின்றன.

வெடித்த களிமண் வேறு கதை

கரிசல் போன்ற, உப்பிச் சுருங்கும் களிமண்ணில் இந்தக் கணக்குகள் பாதி செல்லாது. அதிலுள்ள ஸ்மெக்டைட் வகைக் கனிமங்கள் தம் அடுக்குகளுக்கிடையே நீரை ஏற்று விரிபவை. கோடையில் அந்த நிலத்தில் பல சென்டிமீட்டர் அகலமும் அரை மீட்டர், ஒரு மீட்டர் ஆழமும் உள்ள வெடிப்புகள் விடும். முதல் மழை இந்த வெடிப்புகளில் விழுந்து நேராக அடிமண்ணுக்குப் போய்விடுகிறது. வெடிப்புகளுக்கு நடுவிலுள்ள பாளங்களின் உள்ளே ஈரம் சேராது. மேலே விதை முளைக்காமல் கிடக்க, ஆழத்தில் தண்ணீர் நிற்கும். கூடவே இட்ட உரமும் பூச்சிமருந்தும் வேரைத் தொடாமல் கீழே போகும்.

சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ பாளங்கள் உப்பி வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதுவரை அருவியாக நீரை விழுங்கிய அதே நிலம் அதன்பின் உலகின் மிக மந்தமான மண்களில் ஒன்றாகிவிடும். ஒரே வயல், ஒரே வாரம், இரு எதிர்முனைகள். எனவே இத்தகைய நிலத்துக்கு "ஊடுருவும் வேகம் இவ்வளவு" என்று ஒற்றை எண் தருபவரிடம், எந்த நிலையில் அளந்தீர்கள் என்று கேட்பது நியாயம்.

காய்வதால் கெடுதல் மட்டும் என்றும் எண்ண வேண்டாம். மிதிபட்டு இறுகிய களிமண்ணில், பலமுறை நனைந்து உலர்வதால் நுண்வெடிப்புகள் விழுந்து, கட்டி சிறுகட்டியாகப் பிரிந்து, பொலபொலப்பு திரும்புவதும் உண்டு. எந்த இயந்திரமும் அவ்வளவு சீராக அதைச் செய்வதில்லை.

மண் அணைகளுக்கும் ஆற்றுக் கரைகளுக்கும் இதே வெடிப்பு ஆபத்து. வறட்சியில் விட்ட வெடிப்பு வழியே, வெள்ளம் ஏறும்போது நீர் கரைக்குள் புகும். சரிவுகளிலோ இன்னொரு சிக்கலும் சேர்கிறது. காய்ந்த மண்ணின் உறிஞ்சுவிசையே துகள்களை இறுக்கிப் பிடித்துச் சரிவுக்கு வலுவூட்டுகிறது. நனையும் முகப்பு கீழிறங்கி அந்த விசையை அழித்ததும் சரிவு வழுக்குகிறது. மழை நின்று சில மணி நேரம் கழித்து நிலச்சரிவு நிகழ்வதன் பின்னணி பல இடங்களில் இதுதான்.

மேலே நுண்மண், கீழே சரளை

தொட்டிச் செடிக்கு அடியில் கூழாங்கல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. மேலேயுள்ள மண்ணின் நுண்துளைகள் நீரை இறுகப் பிடித்திருக்கும். சரளையின் பெரிய துளைகளால் அதைப் பிடுங்க முடியாது. மேல்மண் ஏறத்தாழ செறிவு நிலையை எட்டினால்தான் நீர் சரளைக்குள் சொட்டும். அதுவரை சரளைக்கு மேலே ஓர் ஈர அடுக்கு தேங்கி நிற்கும், வேர் அழுகவும் கூடும். குப்பைமேடுகளுக்குள் மழைநீர் புகாமல் மூடும் பொறியாளர்கள் இதே குணத்தைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்கிறார்கள். சரளைமேல் நுண்மண் பரப்பினால், மழைநீர் மேலடுக்கிலேயே தங்கிப் பிறகு ஆவியாகிவிடும்.

பாசனத்தில் என்ன மாறுகிறது

ஆவியாதலிலும் காய்தலின் இரட்டை முகம் தெரியும். மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை வெயிலும் காற்றும் கேட்கும் அளவுக்கு நீர் போகும். மேலடுக்கு காய்ந்ததும் கடத்துதிறன் சரிந்து, அதுவே கீழுள்ள ஈரத்துக்கு மூடாக்காகிவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து மேற்பரப்பை எப்போதும் நனைத்துவைத்தால் இந்த மூடாக்கு உருவாகவே உருவாகாது. விட்ட நீரில் பெரும்பங்கு காற்றோடு போகும். இடைவெளி விட்டு ஆழமாக நனைப்பது பெரும்பாலான பயிர்களுக்குச் சிக்கனம். நீரை மறுக்கும் மணலில் மட்டும் இந்த ஆலோசனை எடுபடாது. அங்கே மண் அந்த எல்லைக்குக் கீழே காயாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. காய்ந்துவிட்டால் சிறுகச் சிறுக, பலமுறையாக நனைத்துத்தான் மீட்க வேண்டும்.

ஈரம் அளக்கும் கருவிகளைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மின்புலத்தை வைத்து இயங்கும் உணரிகள் மண்ணில் எத்தனை சதவீதம் நீர் இருக்கிறது என்று சொல்கின்றன. பீங்கான் முனை கொண்ட டென்சியோமீட்டர் உறிஞ்சுவிசையைச் சொல்கிறது. அதுவும் சுமார் 80 கிலோபாஸ்கல் வரைதான். ஒன்றை மற்றொன்றாக மாற்ற ஒரே அட்டவணையை ஆண்டு முழுதும் பயன்படுத்தினால் தவறு வரும். அந்த அட்டவணைகள் பெரும்பாலும் உலரும் கோட்டை அளந்து செய்யப்பட்டவை. மழைக்குப் பின் நனையும் கோட்டிலுள்ள மண்ணுக்கு அவை பொருந்தாது. பயிருக்கு எப்போது தண்ணீர் வேண்டும் என்பதே கேள்வி என்றால் உறிஞ்சுவிசைதான் நேரான பதில். எவ்வளவு விட வேண்டும் என்றால் சதவீதம்.

நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறைக்கும் இந்த அடிப்படையே எல்லை வகுக்கிறது. வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்து, அதற்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்சுமாறு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த ஆழம்வரை வேர்ப்பகுதியில் ஈரம் போதுமான அளவு இருப்பதால் மகசூல் குறைவதில்லை. மண்ணுக்குள் காற்று புகுவதால் மீத்தேன் வெளியேற்றமும் குறைகிறது. நீர் மிச்சமாகிறதே என்று இன்னும் சில நாள் கூடுதலாகக் காயவிட்டால், சேறாக்கி இறுக்கிய அடுக்கிலேயே வெடிப்பு விழும். அதன்பின் பாய்ச்சும் நீர் வெடிப்பு வழியே அடிமண்ணுக்கு ஓடிப்போக, முன்பு மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகச் செலவாகிவிடவும் கூடும்.